அளவிட்ட நோன்பே நிலைக்கும்

(அன்றாட வாழ்வில் அடக்கம் பழகுதல்: ஒரு பாடம்)



ஆண்டுதோறும் பாத்ரபத மாத வளர்பிறையில் வரும் தசலட்சண பருவத்தின் ஆறாம் நாளில், உத்தம சம்யமம் என்னும் அடக்க அறத்தை நாம் சிந்திக்கின்றோம். ஐம்பொறிகளையும் மனத்தையும் அடக்குதல் இந்திரிய சம்யமம். ஓரறிவு முதல் ஐயறிவு ஈறான உயிர்களைக் காத்தல் பிராணி சம்யமம். இவ்விரு வகையையும் நம் சிறுவரும் ஒப்பிப்பர். அன்று ஜினாலயத்தில் அமர்ந்திருக்கும்போது நம் உள்ளம் உறுதியால் நிறைகின்றது. இனிச் சினம் கொள்வதில்லை, நாவை அடக்குவோம், நாள்தோறும் ஒரு நாழிகையாவது நூல் ஓதுவோம் என்று ஒவ்வொருவரும் தமக்குள் கூறிக்கொள்கின்றோம். ஐப்பசி முடிவதற்குள் அவ்வுறுதி எங்கே போயிற்று என்று தேட வேண்டியதாகின்றது.

இவ்வாறு நேரும்போது, நமக்கு மனவலிமை போதாது என்று நம்மையே நொந்துகொள்கின்றோம். பலர் அத்துடன் முயற்சியையும் கைவிடுகின்றனர். நம் குறை பெரும்பாலும் வலிமையில் இல்லை. உறுதி எடுக்கும் முறையில் இருக்கின்றது. இதனை விளக்குவதே இப்பாடத்தின் நோக்கம்.

1. ஊக்கம் எவ்வளவு தூரம் துணை வரும்?

ஆசிரியப் பயிற்சிப் பள்ளியில் நாம் பணியாற்றிய காலத்தில், மாணவ ஆசிரியர்கள் எழுதும் பாடக்குறிப்பில் 'ஊக்கமூட்டல்' என்பது முதற்பகுதியாக அமையும். நாற்பது நிமிடப் பாடவேளையில் அதற்கு ஐந்து நிமிடமே ஒதுக்குவோம். ஒரு சிறு கதை, ஒரு படம், ஓரிரு வினாக்கள், அவ்வளவே. புதிதாகப் பயிற்சிக்கு வருவோர் அப்பகுதியை மிக அழகாக நடத்துவர். பிள்ளைகளின் கண்கள் மலரும். பின்னர் எஞ்சிய முப்பத்தைந்து நிமிடங்களை எவ்வாறு நடத்துவதென்று அறியாமல் தடுமாறுவர். வகுப்பில் கூச்சல் எழும். "பிள்ளைகளுக்கு ஊக்கம் போதவில்லை அம்மா" என்று நம்மிடம் வந்து முறையிடுவர். அவர்களுடைய குறிப்பேட்டைத் திறந்து பார்த்தால் ஊக்கமூட்டல் ஒரு பக்கம் இருக்கும். மற்றவை நான்கு வரிகளில் முடிந்திருக்கும்.

வாழ்க்கையிலும் நாம் இதே பிழையைச் செய்கின்றோம். பெரியோர் அறவுரை கேட்டபோதும், நோய் கண்டபோதும், நெருங்கியவர் மறைந்தபோதும் ஊக்கம் பிறக்கின்றது. அது தொடங்குவதற்கு உதவும். அடுத்த நாற்பது நாட்களுக்கும் தானே வழிநடத்தாது. அந்நாட்களுக்கு ஒரு பாடக்குறிப்பு வேண்டும். அதை எழுதாமல் விட்டதால் நாம் பட்ட ஒரு தாழ்வை இங்கே மறைக்காமல் எழுதுகின்றோம்.

2. நாம் தவறிய கதை

அறுபத்தெட்டாம் வயதில் நமக்கு நீரிழிவு நோய் இருப்பதாக மருத்துவர் கூறினார். அச்சம் மிகுந்தது. மறுநாளே ஜினாலயத்தில் குடும்பத்தார் சூழ நின்று, வாழ்நாள் முழுவதும் இனிப்பைத் தொடுவதில்லை என்று உறுதி கூறினோம். எல்லோரும் பாராட்டினர். அவ்வுறுதி பத்தொன்பது நாட்கள் நின்றது. இருபதாம் நாள் உறவினர் இல்லத் திருமணத்தில் ஒரு லட்டு உண்டோம்.

ஒரு லட்டினால் வந்த தீங்கு சிறிதே. அதற்குப் பின் நம் மனம் பேசிய பேச்சே பெருந்தீங்கு விளைத்தது. 'முறிந்தது முறிந்துவிட்டது, இனிக் காப்பதற்கு என்ன இருக்கின்றது?' என்றது அது. அன்று மாலையே இன்னும் இரண்டு உண்டோம். அடுத்த சில மாதங்கள் பிற்பகலில் வீட்டில் ஆளில்லாத வேளை பார்த்து, சமையலறை அலமாரியில் இருந்த இனிப்பு டப்பாவைத் திறப்பது வழக்கமாயிற்று.

ஒருநாள் பள்ளி முன்னதாகவே விட்டதால் எட்டு வயதுப் பேத்தி வந்துவிட்டாள். நம் கையில் தேங்காய் பர்பி இருந்தது. "பாட்டி, உங்களுக்கு இனிப்பு ஆகாதென்று அம்மா சொன்னார்களே?" என்றாள். "இது சர்க்கரை போடாமல் செய்தது, கண்ணே" என்றோம். அவள் உடனே நம்பி, விளையாடப் போய்விட்டாள்.

முப்பத்து நான்கு ஆண்டுகள் வாய்மையைப் பாடமாக நடத்திய நாவு அது. சுவைக்காகத் தளர்ந்த நாவு, ஒரு குழந்தையிடம் பொய்யுரைக்கவும் தயங்கவில்லை. ஒரு நோன்பைக் காவாதபோது அடுத்த நோன்பும் சரிகின்றது என்று நூலில் படித்ததை அன்று அடுக்களையில் நின்று அறிந்தோம்.

நமக்கு நேர்ந்தது நமக்கு மட்டும் உரியதன்று என்பதைப் பின்னர் படித்தறிந்தோம். ஹெர்மன், மாக் என்னும் இரு உளவியலார் 1975ஆம் ஆண்டில் ஓர் ஆய்வை வெளியிட்டனர். உணவைக் கட்டுப்படுத்தி வருவோர், முதலில் இனிப்புப் பால் பானம் அருந்தச் செய்யப்பட்டபின், அதனை அருந்தாதபோது உண்பதைக் காட்டிலும் மிகுதியாகப் பனிக்கூழ் உண்டனர். கட்டுப்பாடு இல்லாதோர் அவ்வாறு செய்யவில்லை; பானம் அருந்தியபின் குறைவாகவே உண்டனர். எல்லை ஒருமுறை கடக்கப்பட்டதும், 'இன்றைய நாள் கெட்டது' என்னும் எண்ணமே மேலும் உண்ணத் தூண்டுகின்றது.

3. யமமும் நியமமும்

சமந்தபத்திர ஆசாரியர் இயற்றிய இரத்தின கரண்டக சிராவகாசாரம் 150 சுலோகங்களைக் கொண்டது. அதன் வழியில் எழுந்த தமிழ் நூலே நாம் இளமையில் பயின்ற அருங்கலச்செப்பு. இல்லறத்தார் நுகர்பொருளுக்கு அளவு செய்துகொள்ளும் போகோபபோக பரிமாணம் என்னும் நோன்பை விளக்கும் இடத்தில், ஆசாரியர் விடுதலை இரண்டாகப் பகுக்கின்றார். வாழ்நாள் முழுவதற்கும் விடுவது யமம். கால எல்லை வகுத்து விடுவது நியமம்.

நியமத்திற்குரிய கால அளவுகளையும் அவர் எண்ணிக் காட்டுகின்றார்: இன்று ஒருபொழுது, ஒரு பகல், ஓர் இரவு, ஒரு பட்சம், ஒரு மாதம், இரு மாதம் கொண்ட ஒரு பருவம், ஆறு மாதம் கொண்ட ஓர் அயனம். எவற்றுக்கு எல்லை வகுக்கலாம் என்பதிலும் அவர் அன்றாட வாழ்வை விட்டு விலகவில்லை. உணவு, ஊர்தி, படுக்கை, நீராட்டு, பூச்சு, மலர், வெற்றிலை, உடை, அணிகலன், இசை ஆகியவை அப்பட்டியலில் வருகின்றன.

இல்லறத்தாரின் இயல்பை நன்கு அறிந்தவர் வகுத்த படிகள் இவை. ஒரு பகல் காக்க இயன்றவன் ஒரு பட்சம் காப்பான். பட்சம் காத்தவன் மாதத்திற்கு முயல்வான். நாமோ அச்சத்தின் வேகத்தில் முதற்படியிலேயே யமத்தைப் பற்றினோம். எழுத்து அறியாத குழந்தையின் கையில் செய்யுள் நூலைக் கொடுக்கும் ஆசிரியரை நாம் கண்டித்திருப்போம். நமக்கு நாமே அதைச் செய்தோம்.

பொய்யுரைத்த நாளுக்கு அடுத்த நாள் புதிதாகத் தொடங்கினோம். இம்முறை உறுதி சிறியது: அமாவாசை முதல் பௌர்ணமி வரை ஒரு பட்சம், பகலுணவு முடிந்தது முதல் விளக்கேற்றும் வேளை வரை இனிப்பு உண்பதில்லை. மருத்துவர் அறிவுரைக்கு இது முழுமையான விடையாகாது என்பதை அறிவோம். ஆயினும் நாம் நாள்தோறும் வீழ்ந்த இடம் அந்தப் பிற்பகலே. ஆகவே வேலியை அங்கே முதலில் இட்டோம்.

4. வீழ்ச்சியின் நான்கு படிகள்

அமிதகதி ஆசாரியரின் சாமாயிக பாடம், குற்றம் நான்கு படிகளில் வளர்வதைக் கூறுகின்றது. மனத்தின் தூய்மை குறைவது அதிக்கிரமம். ஒழுக்கமாகிய வேலியைத் தாண்டுவது வியதிக்கிரமம். விலக்கிய பொருளில் ஈடுபடுவது அதிசாரம். அதிலேயே மிகப் பற்றி அழுந்துவது அநாசாரம்.

வேலியோரம் நிற்கும் மாட்டை எண்ணிப் பாருங்கள். முதலில் அது பசும்பயிரைப் பார்த்து விரும்புகின்றது. பின் வேலியினுள் தலையை நீட்டுகின்றது. பின் ஒரு வாய் கடிக்கின்றது. இறுதியில் உள்ளே புகுந்து மேய்கின்றது. தலையை நீட்டும்போதே 'ஓ' என்று குரல் கொடுத்தால் மாடு திரும்பிவிடும். மேயத் தொடங்கிய மாட்டை ஓட்டக் கோல் வேண்டும், ஆள் வேண்டும்.

நாமோ பர்பி கைக்கு வந்தபின் மனத்தோடு போராடினோம். அதற்கு முன்பே இரண்டு படிகள் கடந்துவிட்டன. மூன்று மணிக்கு மனம் அலமாரியை நினைத்தது முதற்படி. 'தண்ணீர் குடிக்கத்தானே போகின்றோம்' என்று எழுந்து அடுக்களைக்குச் சென்றது இரண்டாம் படி. அந்த இரண்டு இடங்களைக் கண்டுகொண்டபின் வேலை எளிதாயிற்று. தண்ணீர்ச் செம்பைப் பகலுணவு முடிந்ததுமே கூடத்தில் கொண்டுவந்து வைத்தோம். மூன்று மணிக்கு எழுந்திருக்கக் காரணமே இல்லாமற் போயிற்று.

ஒவ்வொருவரும் தாம் வழுக்கும் இடத்தைப் பின்னோக்கிச் சென்று பார்க்க வேண்டும். சினம் கொள்பவர் சொல் வெடித்த கணத்தை மட்டும் எண்ணி வருந்துகின்றனர். பசியோடு வீடு திரும்பியது, வந்ததும் கணக்குப் பேச்சை எடுத்தது ஆகிய முந்தைய படிகளைக் கண்டால், உணவுக்குப் பின்னரே கணக்குப் பேசுவது என்று ஒரு நியமம் செய்துகொள்ளலாம்.

5. கண்ணில் படாத இனிப்பு

வால்டர் மிஷெல் என்னும் உளவியலார், அமெரிக்க நாட்டின் ஸ்டான்போர்டு பல்கலைக்கழக மழலையர் பள்ளியில் 1960களின் பிற்பகுதி முதல் சிறுவரிடம் ஆய்வுகள் நடத்தினார். விருப்பமான தின்பண்டம் ஒன்றைக் காட்டி, சிறிது நேரம் காத்திருந்தால் அதைவிடச் சிறந்ததோ மிகுதியானதோ கிடைக்கும் என்று கூறிக் குழந்தையைத் தனியே விடுவர். பண்டத்தைக் கண்முன் வைத்தபோது குழந்தைகள் விரைவில் தளர்ந்தனர். மூடி வைத்தபோது நெடுநேரம் பொறுத்தனர். பாட்டுப் பாடியும், கண்ணை மூடிக்கொண்டும், வேறொன்றில் கருத்தைச் செலுத்தியும் பொறுத்துக்கொண்டோர் உண்டு.

அவ்வாறு பொறுத்த குழந்தைகளே பிற்காலத்தில் சிறப்புறுவர் என்ற கருத்து நெடுங்காலம் பரவியிருந்தது. 2018ஆம் ஆண்டில் 900க்கும் மேற்பட்ட குழந்தைகளைக் கொண்டு வெளிவந்த ஆய்வு, அத்தொடர்பு முன்னர் எண்ணியதைவிடச் சிறியது என்றும், குடும்பச் சூழலைக் கணக்கில் கொண்டால் மேலும் மிகவும் குறைகின்றது என்றும் காட்டியது. ஆசிரியர்களும் பெற்றோரும் இதனை மனத்தில் கொள்ளவேண்டும். நான்கு வயதுக் குழந்தை ஒரு மிட்டாய்க்குப் பொறுக்கவில்லை என்பதற்காக, அதன் வாழ்வுக்கு முடிவு கூறும் உரிமை நமக்கில்லை. எனினும் முதற்செய்தி நமக்குப் பயன்படுவதே: கண்ணுக்கு மறைவானது கைக்கும் தொலைவாகின்றது.

நம் முன்னோர் இதனை இடத்தின் வழியாகவும் செய்தனர். தேசாவகாசிகம் என்னும் நோன்பில், இத்தனை காலத்திற்கு இந்த வீடு, இந்த வயல், இந்த ஆறு வரையே செல்வோம் என்று எல்லை வகுத்துக்கொள்வர். இக்கால இளைஞர் இதனைக் கைப்பேசிக்கு வகுத்துக்கொள்ளலாம். உண்ணும் இடத்திற்கும் படுக்கை அறைக்கும் அது வருவதில்லை என்று ஒரு மாத எல்லை வகுத்தால், ஒவ்வொரு முறையும் அதனோடு போராடும் துன்பம் குறையும். நம் வீட்டில் இனிப்பு டப்பா மருமகளின் அலமாரிக்குச் சென்றது. அதைக் கேட்டபோது நமக்குச் சிறிது நாணமாகத்தான் இருந்தது. மருமகள், "அதற்கென்ன அத்தை, என் கண்ணிலும் படாமல் இருக்கட்டும்" என்றார்.

6. பழக்கம் வேரூன்றும் காலம்

எத்தனை நாள் இப்படிக் காக்க வேண்டும்? இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியைச் சேர்ந்த பிலிப்பா லாலி குழுவினர், புதிய நற்பழக்கம் ஒன்றை மேற்கொண்ட 96 பேரை 84 நாட்கள் கவனித்தனர். அவ்வாய்வு 2010ஆம் ஆண்டில் அச்சில் வெளிவந்தது. பகலுணவோடு ஒரு கனி, இரவுணவுக்கு முன் சிறிது ஓட்டம் போன்றவை அவர்கள் தேர்ந்த பழக்கங்கள். கணக்கிட்டதில், ஒரு செயல் தானே நிகழும் பழக்கமாவதற்கு நடுத்தரமாக 66 நாட்கள் ஆகும் என்று தெரிந்தது. ஆனால் ஆளுக்கும் செயலுக்கும் ஏற்ப அது 18 நாட்கள் முதல் 254 நாட்கள் வரை வேறுபட்டது.

இதில் நாம் கற்பவை இரண்டு. ஒன்று, அடுத்த வீட்டார் இருபது நாளில் பழகியதை நாம் இருநூறு நாளில் பழகினால் அது தாழ்வன்று. மற்றொன்று, இடையில் ஒருநாள் தவறியதால் பழக்கம் உருவாவது பெரிதும் தடைப்படவில்லை என்றும் அவ்வாய்வு காட்டியது. வில்லியம் ஜேம்ஸ் என்னும் அறிஞர் 1890ஆம் ஆண்டில் எழுதிய உளவியல் நூலில், புதிய பழக்கம் வேரூன்றும்வரை ஒருமுறையும் விலக்கு அளித்தலாகாது என்று கூறினார். நாமும் அதனையே பல ஆண்டுகள் வகுப்பில் வலியுறுத்தினோம். விலக்குத் தேடலாகாது என்ற அளவில் அது இன்றும் நல்லுரையே. ஆயின் தவறிவிட்டால் எல்லாம் போயிற்று என்று பொருள்கொள்வது பிழை. தத்துவார்த்த சூத்திரம் ஒவ்வொரு நோன்புக்கும் ஐந்தைந்து அதிசாரங்களைக் கூறுவதையும் கருதுங்கள். நோன்பு உடையவனுக்கும் வழுக்கல் நேரும் என்பதை அறிந்தே, வழுக்கும் இடங்களைப் பெரியோர் எண்ணிக் காட்டினர்.

7. மீண்டு வருதல்

நியமம் தொடங்கிய அன்று பேத்தியை அழைத்து, முன்னாள் சொன்னது பொய் என்று ஒப்புக்கொண்டோம். அவள் சிறிது நேரம் நம் முகத்தையே பார்த்தாள். "ஏன் பாட்டி பொய் சொன்னீர்கள்?" என்றாள். "தின்ன ஆசை, தின்றது தெரியக் கூடாதென்றும் ஆசை" என்றோம். பின்னர் அவளே, நாள்காட்டியில் ஒவ்வொரு நாளும் தான் கோடு போடுவதாகச் சொன்னாள். விளக்கேற்றியதும் வந்து, "இன்று போடலாமா பாட்டி?" என்று கேட்பாள்.

பதினோராம் நாள் பிற்பகலில் வீட்டிற்கு வந்த விருந்தினர் கொண்டுவந்த இனிப்பை உண்டுவிட்டோம். மாலையில் அவள் வழக்கம்போல் எழுதுகோலுடன் வந்து நின்றாள். 'போடு' என்று சொல்லியிருக்கலாம், பார்த்தவர் இல்லை. "இன்று வேண்டாம்" என்றோம். அவள் ஒன்றும் சொல்லவில்லை. அந்தக் கட்டத்தை வெறுமையாக விட்டுவிட்டு, "நாளைக்குப் போடலாம் பாட்டி" என்றாள். மறுநாள் கோடு போட்டாள்.

ஆலோசனை, பிரதிக்கிரமணம் என்று நாம் ஓதுவனவற்றின் பொருள் அந்த வெறுங்கட்டத்தில் நமக்கு விளங்கியது. குற்றத்தை உள்ளபடி கூறுதல் ஆலோசனை; குற்றத்தினின்று திரும்பி வருதல் பிரதிக்கிரமணம். தன்னை இகழ்ந்து படுத்துக்கிடத்தல் இவ்விரண்டிலும் சேராது. முன்பு திருமணத்தில் ஒரு லட்டுக்குப் பின் மாதங்கள் வீணாயின. இப்போது ஓர் இனிப்புக்குப் பின் ஒருநாளே வீணாயிற்று. நம் ஆசை முன்னிருந்த அளவே இருந்தது. திரும்பும் வழி மட்டும் குறுகியிருந்தது.

அப்பட்சத்திற்குப் பின் மீண்டும் ஒரு பட்சம், பின் ஒரு மாதம் என்று நியமத்தைப் புதுப்பித்தோம். காலையையும் மாலையையும் படிப்படியாகச் சேர்த்தோம். மருந்தும் நடையும் துணைநிற்க, குருதியில் மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை அளவு இறங்கியது. வாழ்நாள் முழுவதற்குமான உறுதியை நாம் இன்னும் எடுக்கவில்லை. அயனத்திற்கு ஒருமுறை புதுப்பித்து வருகின்றோம்.

ஓர் எச்சரிக்கையும் கூறவேண்டும். அடக்கம் என்பது உடலை வருத்துதல் என்று எண்ணி, நீரிழிவுக்கு மாத்திரையோ ஊசியோ கொள்பவர்கள் மருத்துவரைக் கேளாமல் உபவாசம் இருத்தலாகாது. சர்க்கரை அளவு திடீரென இறங்கி உயிருக்கே ஊறு நேரலாம். தம் வலிமையும் உடல்நிலையும் அறிந்து நோன்பு கொள்ளுதலே முறை.

8. பயிற்சி

வாசகர்கள் ஒரு தாளை எடுத்துக் கீழ்க்காணும் வினாக்களுக்கு விடை எழுதுமாறு வேண்டுகின்றோம்.

அ) நீங்கள் விட விரும்புவது, அல்லது பழக விரும்புவது யாது? ஒன்றை மட்டும் எழுதுக.

ஆ) எந்த வேளையில், எந்த இடத்தில் மிகுதியாகத் தவறுகின்றீர்கள்? தவறுக்கு முன்னர் நிகழும் இரண்டு செயல்களையும் குறிப்பிடுக.

இ) அவற்றுள் ஒன்றை மாற்ற எப்பொருளை எங்கே நகர்த்தலாம்?

ஈ) ஒரு பட்சத்திற்கு நீங்கள் ஐயமின்றிக் காக்கக்கூடிய அளவு எது? அதனைக் கால எல்லையோடு ஒரே வாக்கியமாக எழுதுக.

உ) தவறிய நாளில் யாரிடம் உண்மை கூறுவீர்கள்? மறுநாள் எவ்வேளையில் மீண்டும் தொடங்குவீர்கள்?

இவ்விதழ் உங்கள் கையில் கிடைத்த நாளுக்கும் அடுத்த இதழ் வரும் நாளுக்கும் இடையே ஏறத்தாழ ஆறு பட்சங்கள் உள்ளன. அவற்றுள் முதற்பட்சத்திற்கு மட்டும் இன்று எல்லை வகுத்துக்கொள்ளுங்கள். அது முடிந்தபின் அடுத்ததைப் பற்றிச் சிந்திக்கலாம். வீட்டில் எழுதத் தெரிந்த குழந்தை இருந்தால், நாள்காட்டியில் கோடு போடும் பணியை அக்குழந்தையிடம் ஒப்படையுங்கள்.

அனைவருக்கும் நல்லடக்கம் கைகூடுக!